கிராண்ட் ஃபால்ஸ், அரிசோனா: எப்போது தண்ணீர் வரும், எந்த கேஜைப் பார்ப்பது?

#1 பாலைக்காற்று

பீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரிலிருந்து மார்ச் கடைசி வாரம் கிளம்பலாம் என்று யோசனை. லிட்டில் கொலராடோ ஆற்றில் இருக்கும் கிராண்ட் ஃபால்ஸ், அதாவது சாக்லேட் அருவி. வருடத்தில் பெரும்பகுதி வெறும் பாறை, சில வாரம் மட்டும் தண்ணீர் என்கிறார்கள். நாள் குறிப்பது எப்படி? யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை) தளத்தில் "டெசர்ட் வியூ அருகே, முகத்துவாரத்துக்கு மேல்" என்ற கேஜில் (ஆற்றின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் நிலையம்) எப்போது பார்த்தாலும் 200 கன அடிக்கு மேல் காட்டுகிறது. அப்படியானால் அருவியிலும் எப்போதும் தண்ணீர் இருக்கத்தானே வேண்டும்?

#2 எரிமலைக்கல்

முதலில் ஒரு விஷயம். அருவி இருப்பது நவாஹோ நேஷன் நிலத்தில், அதாவது நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியில். 2023-இல் மறு அறிவிப்பு வரும்வரை என்று சொல்லி வெளியாருக்கு மூடிவிட்டார்கள். குப்பை, அத்துமீறல், அங்கே ஆடுமாடு மேய்க்கும் குடும்பங்களுக்குத் தொல்லை என்று காரணம் நீளம். கூகுள் வரைபடம் இன்னமும் வழி காட்டும், பழைய வலைப்பதிவுகள் "அனுமதி தேவையில்லை" என்று சொல்லும். இரண்டையும் நம்ப வேண்டாம். நவாஹோ பூங்காத் துறையின் அறிவிப்பில் திறந்தாயிற்று என்று இருந்தால் மட்டும் போகலாம். இல்லாவிட்டால் அது அத்துமீறி நுழைவதுதான்.

என்றாவது திறந்தால் பயன்படும் என்பதற்காக: லியூப் என்ற ஊருக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் மண் பாதை சுமார் 14 கி.மீ., முழுக்க அலையலையாக அரித்த தரை. காய்ந்திருந்தால் சாதாரண காரே மெதுவாகப் போய்விடும். மழை பெய்து நனைந்தால் அந்தக் களிமண்ணில் நான்கு சக்கர இழுவை வண்டியும் வழுக்கும். அருவியில் தண்ணீர் அதிகம் இருக்கும் நாளும் பாதை மோசமாக இருக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றுதான்.

#3 பாலைக்காற்று

நன்றி. அப்படியென்றால் அருவியை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த 200 கன அடிக் குழப்பம் தீரவில்லை. ஆற்றையாவது வேறு இடத்தில் பார்க்கலாம் என்றால், எப்போது ஓடும் என்று தெரிய வேண்டுமே.

#4 கன_அடி

உங்கள் குழப்பத்துக்கு விடை ப்ளூ ஸ்ப்ரிங். கொலராடோ ஆற்றோடு கலப்பதற்குச் சுமார் 13 மைல் முன்னால் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஊற்றுகள் பீறிடுகின்றன. விநாடிக்கு 200 கன அடிக்கு மேல், வருடம் முழுக்க. கால்சியம் கார்பனேட் கரைந்த நீர் என்பதால் இளநீல நிறம். நீங்கள் பார்க்கும் கேஜ் அந்த ஊற்றுக்குக் கீழே இருக்கிறது, அருவியோ வெகு தூரம் மேலே. அருவி எலும்பாய்க் காய்ந்து கிடக்கும்போதும் அந்த கேஜ் 220 காட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான்.

இந்த ஆற்றை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மவுண்ட் பால்டி அடிவாரத்தில் வற்றாத மலை ஓடை. கடைசியில் ப்ளூ ஸ்ப்ரிங்குக்குக் கீழே வற்றாத நீல ஆறு. நடுவில் சில நூறு கி.மீ. அகலமான மணல் படுகை, தண்ணீர் வந்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். கிராண்ட் ஃபால்ஸ் இந்த நடுத்துண்டில்.

பார்க்க வேண்டிய கேஜ்கள், மேலிருந்து கீழாக:

ஹோல்புரூக் – பெயின்டட் டெசர்ட் பக்கமிருந்து வரும் புவெர்கோ ஆறு இதற்குச் சற்று மேலே சேர்ந்துவிடும். கோடை வெள்ளத்துக்கு முதல் துப்பு இங்கே.

வின்ஸ்லோ – அருவிக்கு முந்தைய முக்கிய இடம். நேர்கோட்டிலேயே 60 கி.மீ.க்கு மேல், ஆற்று வளைவோடு இன்னும் கூடும். வெள்ள முகப்பு மணிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகத்தில் நகரும் என்று வைத்தால் வின்ஸ்லோவில் இன்று காலை ஏறிய தண்ணீர் அருவிக்கு வர முக்கால் நாள் முதல் ஒன்றரை நாள் ஆகும்.

கிராண்ட் ஃபால்ஸ் – நேரடிக் கணக்கு. எண் வந்துகொண்டிருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

கேமரன் – அருவிக்குக் கீழே. இதில் தண்ணீர் தெரிந்தால் அது அருவியைத் தாண்டி வந்ததாக இருக்கலாம், டினெபிட்டோ வாஷ் அல்லது மொயென்கோபி வாஷிலிருந்து (வாஷ் என்றால் மழைக்கு மட்டும் ஓடும் வறண்ட ஓடை) வந்து அருவியைக் கண்ணாலேயே காணாத தண்ணீராகவும் இருக்கலாம். கேமரனை மட்டும் பார்த்து "அருவி கொட்டுகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

அலகு நமக்குப் பழகியதுதான். மேட்டூருக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் வருகிறதே, அதே கன அடி.

#5 கேமராக்காரன்

எத்தனை கன அடி இருந்தால் "பார்க்கலாம்" ரகம்?

#6 கன_அடி

என் மதிப்பீடு, யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். 100-க்குக் கீழே பாறைப் படிகளில் நூல் நூலாக வடியும். 300, 400 தாண்டினால் அருவி என்று சொல்லலாம். 1,000 தாண்டினால் அகலம் முழுக்க நுங்கும் நுரையுமாக இறங்கும், எதிர்க்கரையில் நிற்பவர் மேல் சேற்றுச் சாரல் அடிக்கும்.

#7 எரிமலைக்கல்

மறுக்கிறேன். படிப்படியான பாறை என்பதால் 200-லேயே படத்துக்கு நன்றாக இருக்கும். 2,000-க்கு மேல் படிகள் மறைந்து ஒரே பழுப்புச் சுவராகிவிடும். பிரமாண்டம் வேண்டுமா, அமைப்பு தெரிய வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

#8 ரிம்_நாடு

பனி உருகும் கணக்கைப் பற்றிப் பெரும்பாலானோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "மவுண்ட் பால்டியில் பனி நிறைய, ஆகவே ஏப்ரலில் அருவி கொட்டும்" என்பார்கள். பால்டி 11,400 அடி உயரம், ஆற்றின் தலை அங்கேதான், சரி. ஆனால் அந்தத் தண்ணீர் வழியில் பாசனக் கால்வாய்களுக்கும் செயின்ட் ஜான்ஸ் அருகே உள்ள லைமன் அணைக்கும் போய்விடுகிறது. மிச்சம் அருவி வரை வருவது சொற்பம்.

வசந்தகாலத்தில் அருவிக்கு வரும் நீரில் பெரும்பங்கு மொகோயோன் ரிம் என்ற பீடபூமி விளிம்பிலிருந்து. அங்கிருந்து வடக்கே இறங்கும் க்ளியர் க்ரீக், ஷெவ்லான் க்ரீக் இரண்டும் வின்ஸ்லோவுக்குக் கிழக்கே ஆற்றில் சேர்கின்றன. ரிம்மின் உயரம் 7,500 அடியை ஒட்டி. பால்டியைவிடத் தாழ்வு, அதனால் பனி முன்னதாகவே உருகும். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி மார்ச்சில் உச்சம், ஏப்ரல் நடுவில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மே மாதம் பால்டியில் பனி மின்னுவதைப் பார்த்துவிட்டு அருவிக்கு வண்டி விட்டால் காய்ந்த பாறைதான்.

பார்க்கும் முறை:

ஸ்நோடெல் தானியங்கிப் பனி நிலையங்களில் ப்ரொமன்டரி, பேக்கர் பியூட் இரண்டையும் திறந்து வையுங்கள். பனியின் ஆழத்தைப் பார்க்காதீர்கள். "பனியின் நீர்ச் சமானம்" என்ற கோட்டைப் பாருங்கள், அதாவது அந்தப் பனியை உருக்கினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்பது. புதுப்பனி இரண்டடி இருந்தாலும் தண்ணீர் இரண்டு அங்குலம்தான் தேறும். ஆழம் குறைவதும் உருகல் ஆகாது, பனி அமுங்கினாலும் ஆழம் குறையும். நீர்ச் சமானம் நாளுக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று இறங்கத் தொடங்கினால்தான் உருகல். இரவிலும் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகாத இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் வேகம் கூடும்.

அடுத்து, க்ராகின் அணை. கிழக்கு க்ளியர் க்ரீக்கின் குறுக்கே 1960-களில் கட்டியது, முன்பு ப்ளூ ரிட்ஜ் என்று பெயர். கொள்ளளவு சுமார் 15,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் 0.65 டி.எம்.சி. மேட்டூரோடு ஒப்பிட்டால் குட்டை. ஆனாலும் 1,000 கன அடி வீதம் ஏழரை நாள் ஓடும் தண்ணீரை அது பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீர் ரிம்மைத் தாண்டித் தெற்கே பேசன் என்ற ஊர்ப் பக்கம் பம்ப் செய்யப்படுகிறது. அணை நிரம்பி வழியும் வரை அந்தக் கிளையிலிருந்து எதுவும் வராது. முந்தைய குளிர்காலம் வறட்சி என்றால் இந்த ஆண்டின் முதல் உருகல் நீர் அணையை நிரப்பவே போய்விடும். ஒரே அளவு பனி விழுந்த இரண்டு ஆண்டுகளில் அருவி இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக மணல். காய்ந்த படுகைதான் முதல் ஆளாகக் குடிக்கும். பருவத்தின் முதல் அலை வின்ஸ்லோவில் நூறு, நூற்றைம்பது என்று தெரிந்து லியூப் வருவதற்குள் மறைந்துபோகலாம். பத்து நாள் ஓடி மணல் ஊறிய பிறகு அதே நூற்றைம்பதில் பெரும்பகுதி போய்ச் சேரும். ஆகவே ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் முந்தைய இரண்டு வாரக் கோட்டைப் பாருங்கள்.

#9 கேமராக்காரன்

ஜூலை, ஆகஸ்ட் மழைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா சார்?

#10 ரிம்_நாடு

பொருந்தாது. அது வேறு ஆறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசோனாவில் மான்சூன் காலம் என்று ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை குறித்திருக்கிறார்கள். வடக்கே நிஜமாகப் பெய்வது பெரும்பாலும் ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு. பிற்பகல் இடிமழை, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் வருவது ரிம்மின் காடுகளிலிருந்து அல்ல; புவெர்கோ, ஒராய்பி வாஷ், டயப்ளோ கேன்யன் போன்ற மொட்டை நிலங்களிலிருந்து. பனி உருகல் வாரக்கணக்கில் நிற்கும். இது சில மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மூன்று நாள்.

இதில் ஒரு சிக்கல். டயப்ளோ கேன்யன் வின்ஸ்லோவுக்குக் கீழே, அருவிக்கு மேலே ஆற்றில் சேர்கிறது. அங்கே மட்டும் பெய்தால் வின்ஸ்லோ கேஜ் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும், அருவியோ கொட்டும். வானிலைத் துறை ரேடாரில் 24 மணி நேர மழைப் படத்தை வைத்து எந்த ஓடையின் படுகையில் பெய்தது என்று பார்ப்பது தவிர வேறு வழியில்லை. அருவி இருக்கும் இடத்தில் நீல வானம் இருப்பதற்கும் அருவியில் வெள்ளம் வருவதற்கும் தொடர்பே கிடையாது. மழை பெய்த இடம் 150 கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம்.

வண்டல் அளவும் கோடையில் பயங்கரம். சின்லி படிவம் என்ற பாறை அடுக்கின் களிமண் மலைகள் கரைந்து வருகின்றன. வசந்தகால நீரும் பழுப்புதான், கோடையில் குழம்பு.

#11 கன_அடி

கேஜ் வரைபடத்தை வாசிக்கும்போது எது தவறாகும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இது அடிக்கடி நடக்கிறது.

கேஜ் நேரடியாக அளப்பது நீர்மட்டத்தை, அடிக் கணக்கில். கன அடி என்பது அதிலிருந்து ஒரு அட்டவணை வழியாகக் கணக்கிட்டது. மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு என்று ஊழியர்கள் நேரில் போய் அளந்து அந்த அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். பாறைப் படுகையில் அது பல ஆண்டு நிற்கும். மணல் படுகையில் ஒரு வெள்ளம் வந்து ஓரடி மணலை அள்ளிக்கொண்டு போனாலோ கொட்டிவிட்டுப் போனாலோ அட்டவணை பொய்யாகிவிடும். அடுத்த முறை அளந்து திருத்தும் வரை எண் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். "தற்காலிகம்" என்று தளத்திலேயே போட்டிருப்பது இதற்காகத்தான். 140-க்கும் 180-க்கும் வித்தியாசம் பேசுவது வீண். 50-ஆ 500-ஆ என்று மட்டும் பாருங்கள்.

நாள்கணக்கில் நூல் பிடித்தாற்போல் கிடைக்கோடு என்றால் சந்தேகப்படுங்கள். ஓடும் ஆறு சற்றாவது ஏறி இறங்கும். கருவி சேற்றில் புதைந்திருக்கலாம், தேங்கிய குட்டையை அளந்துகொண்டிருக்கலாம்.

பனி உருகல் கோட்டில் தினமும் ஒரு மேடு தெரியும். மேலே பிற்பகலில் உருகிய நீர் வந்து சேரும் நேரம் அது. கீழே வர வர மேடு தட்டையாகும். கோடை வெள்ளம் செங்குத்தாக ஏறி மெதுவாக இறங்கும். கோட்டின் வடிவத்தைப் பார்த்தாலே எந்த வகைத் தண்ணீர் என்று சொல்லிவிடலாம்.

செங்குத்து அச்சு மடக்கை அளவில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 10, 100, 1,000 எல்லாம் சம இடைவெளியில் இருக்கும். 20-இலிருந்து 60-க்கு ஏறியதே பெருவெள்ளம் போலத் தெரியும்.

#12 மணல்மேடு

நயாகராவைவிட உயரம் என்கிறார்களே, உண்மையா? பாலைவனத்தில் இப்படி ஒரு அருவி எப்படி வந்தது?

#13 எரிமலைக்கல்

சுமார் 185 அடி. நயாகராவும் ஏறக்குறைய அவ்வளவுதான், எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. அந்தப் போட்டியை விட்டுத்தள்ளுங்கள்.

உண்டான விதம்தான் சுவையானது. தென்மேற்கே மெரியம் க்ரேட்டர் என்ற எரிமலைக் கூம்பு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பக்கமிருந்து வந்த எரிமலைக் குழம்பு ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி அதை நிரப்பி, எதிர்க்கரை மேலும் கொஞ்சம் ஏறி உறைந்தது. ஆற்றுக்கு அது அணை. மேல்பக்கம் வண்டல் நிரம்பித் தட்டையானது. இன்றைக்கும் அருவிக்கு மேலே ஆறு சமதளத்தில் அகலமாகக் கிடப்பது அதனால்தான். பிறகு ஆறு அந்த உறைந்த எரிமலைப் பாறை நாக்கின் நுனியைச் சுற்றிக்கொண்டு போய், பழைய பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் சுவர் வழியாகத் திரும்பத் தன் பழைய தடத்திலேயே விழுகிறது. தண்ணீர் விழுவது கெய்பாப் சுண்ணாம்புப் படிகளில், எதிரே நிற்பது எரிமலைப் பாறை. பழைய நூல்களில் ஒன்றரை லட்சம் ஆண்டு என்று இருக்கும். பிற்காலக் காலக்கணிப்புகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன.

#14 மணல்மேடு

ஆற்றில் வரத்து வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறதா, அல்லது நாம்தான் அப்படி நினைக்கிறோமா?

#15 கன_அடி

"வருடா வருடம்" என்பது தவறு, "குறைந்திருக்கிறது" என்பது சரி. ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் இந்த ஆற்றில் மிக அதிகம். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தது, அதே ஆண்டு பீனிக்ஸில் பதிவிலேயே மிக வறண்ட மான்சூன். ஒரே ஆண்டில் இரண்டு ஓரமும்.

நீண்ட காலக் கோடு வேறு. கிராண்ட் ஃபால்ஸில் பதிவான மிகப் பெரிய வெள்ளம் 1923 செப்டம்பரில், விநாடிக்கு 1,20,000 கன அடி. கேமரன் கேஜ் 1947 முதல் இருக்கிறது, அந்த அளவை நெருங்கும் எதுவும் அதில் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு ஒப்பிட்டால் உச்ச வெள்ளங்கள் சிறுத்துவிட்டன. உச்சம் சிறுத்ததும் படுகையில் டாமரிஸ்க் புதர் வேர்பிடித்தது. புதர் வண்டலைப் பிடிக்கும், கரை ஒடுங்கும், தண்ணீர் புதரில் உரசி மெதுவாகும், அதனால் அடுத்த வெள்ளத்தின் உச்சம் இன்னும் தட்டையாகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. கூடவே சிற்றணைகள், கால்நடைக் குட்டைகள், நிலத்தடி நீர் எடுப்பு எல்லாம் உண்டு. எதற்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

தண்ணீர் யாருக்கு என்ற வழக்கு 1970-களின் கடைசியிலிருந்து நடக்கிறது. 2024-இல் நவாஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தெற்கு பையூட் மூன்று பழங்குடி அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தன. நாடாளுமன்றமும் சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

#16 பாலைக்காற்று

அருமை. இப்போது நடைமுறைக்கு வருவோம். அருவி மூடியிருக்கும்போது, சாண்ட்லரிலிருந்து ஒரு நாளில் போய் இந்த ஆறு ஓடுவதைச் சட்டப்படி எங்கே பார்க்கலாம்?

#17 எரிமலைக்கல்

மூன்று இடம். கேமரன்: ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து 89-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கி.மீ. நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 1911-இல் கட்டிய பழைய தொங்குபாலம், அதையொட்டி ட்ரேடிங் போஸ்ட் என்ற பழைய வணிகக் கடை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்க்கலாம். அருவியிலிருந்து நேர்கோட்டில் 50 கி.மீ.க்கு மேல் கீழே என்பதால் அருவியின் தண்ணீர் இங்கே வர இன்னும் அரை நாளுக்கு மேல் ஆகும்.

கேமரனிலிருந்து 64-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் லிட்டில் கொலராடோ கோர்ஜ் (ஆழப் பள்ளத்தாக்கு) பார்வை இடங்கள், நவாஹோ பூங்காத் துறை நடத்துவது. கட்டணம் உண்டு, சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எத்தனை ஆழத்துக்கு அறுத்திருக்கிறது என்பது இங்கேதான் தெரியும். விளிம்பில் பல இடத்தில் கம்பி கிடையாது, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வின்ஸ்லோ பக்கம். ஹோமோலோவி மாநிலப் பூங்கா ஆற்றை ஒட்டியே இருக்கிறது, ஐ-40-இல் 257-ஆம் வெளிவழி. ரிம்மிலிருந்து வரும் தெளிந்த நீரைப் பார்க்க வேண்டும் என்றால் ஊருக்குத் தெற்கே க்ளியர் க்ரீக்கில் மெக்ஹுட் பூங்கா.

#18 கேமராக்காரன்

கேமரனில் ஆற்றில் இறங்கலாமா? ட்ரோன்?

#19 ரிம்_நாடு

இரண்டும் வேண்டாம். ட்ரோனுக்கு நவாஹோ பூங்கா நிலங்களில் தடை. மதுவும் நவாஹோ நேஷனில் பொதுவாகத் தடை, வண்டியின் பின்னால் பெட்டியில் இருந்தாலும் சிக்கல்தான்.

படுகையில் இறங்குவது: வெள்ளம் வடிந்த இரண்டு மூன்று நாளில் மேல்தோல் காய்ந்து வெடித்துத் தெரியும், அடியில் நீர் ஊறிய வண்டல் கூழாக இருக்கும். முழங்கால் வரை சட்டென்று இறங்கும். இழுத்தால் இன்னும் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி, சுற்றித் தண்ணீர் இறங்கவிட்டு எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் குடிக்கவோ முகம் கழுவவோ வேண்டாம், வடிகட்டி இருந்தாலும். 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலைக் கழிவுக்குளம் உடைந்து 9.4 கோடி கேலன் கதிரியக்கக் கழிவுநீர் புவெர்கோவில் பாய்ந்தது. அந்தப் படுகையின் மண் கோடை வெள்ளத்தோடு இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. அது போக, இவ்வளவு வண்டல் உள்ள நீரில் கையடக்க வடிகட்டி சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

சாலையில் வாஷ் குறுக்கே ஓடினால் நிறுத்திவிடுங்கள். தடுப்பைச் சுற்றிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனா சட்டத்தில் இடமிருக்கிறது, 2,000 டாலர் வரை.

#20 கன_அடி

ஒரு சின்ன விஷயம், பலர் கோட்டைவிடுவது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நவாஹோ நேஷனில் கடிகாரம் பீனிக்ஸைவிட ஒரு மணி முன்னால். அரிசோனாவின் மற்ற பகுதிகள் கோடை நேரத்துக்கு மாறுவதில்லை, அவர்கள் மாறுகிறார்கள். நடுவில் இருக்கும் ஹோப்பி நிலம் மாறுவதில்லை. கேமரனில் கடை ஐந்து மணிக்கு மூடும் என்றால் உங்கள் கடிகாரத்தில் நான்கு. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப மாறி மாறிக் காட்டும், தானியங்கி நேரத்தை அணைத்து வையுங்கள். யுஎஸ்ஜிஎஸ் வரைபடம் எந்த நேரத்தில் இருக்கிறது என்று அச்சின் கீழே போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

#21 பாலைக்காற்று

அப்படியே செய்கிறேன். ப்ரொமன்டரி, வின்ஸ்லோ, கிராண்ட் ஃபால்ஸ், கேமரன் நான்கு பக்கத்தையும் குறித்துவைத்துவிட்டேன். வின்ஸ்லோவில் ஒரு வாரம் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் கேமரனுக்கு வண்டி எடுக்கலாம், சரிதானே?

#22 ரிம்_நாடு

சரி. வின்ஸ்லோவில் உச்சம் தெரிந்த மறுநாளே போகாமல் ஒன்றரை, இரண்டு நாள் கழித்துப் போங்கள். கிளம்பும் காலையில் கிராண்ட் ஃபால்ஸ் கேஜ் ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.